மலையூர் வீட்டில் மாண்டிசோரி அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை தானே எடுத்துப் பார்த்துப் படிக்கும் மாண்டிசோரி அட்டைகளை வீட்டில் அடுக்கி வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படமும் பெரிதாகவே போட்டிருந்தீர்கள். கூரையைத் தொடும் வெள்ளை அலமாரி, ஒரே அளவில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் மேல்தட்டுப் பெட்டியை எடுக்க அந்த வீட்டு அம்மாவே முக்காலி போட்டு ஏற வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? யாருக்காக அடுக்கியது அது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்டதோடு விடாமல், எங்கள் கோத்தகிரி மாதிரி மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் அட்டைகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டுரையில் ஈரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மகனும் மருமகளும் காலையில் குன்னூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் பேரப் பிள்ளைகள் இருவரும் என் பொறுப்பு. பெரியவளுக்கு நான்கரை வயது. சின்னவனுக்கு இப்போதுதான் இரண்டு முடிந்தது. மருமகளுக்கு மாண்டிசோரி மேல் ஆசை. எனக்கு அட்டை என்றாலே பழைய பழக்கம். அதனால் வீட்டில் இந்த விஷயத்தில் மட்டும் மாமியார் மருமகள் சண்டை கிடையாது.

பழைய பழக்கம் என்று சொன்னது செயல்வழிக் கற்றலை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08இல் மாநிலம் முழுக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை வந்தது. வகுப்பறையில் பெஞ்ச் போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. சுவரோரமாகத் தட்டுகள். தட்டில் ஒரு சின்னம், அட்டையில் அதே சின்னம், கூடவே ஓர் எண். எழுத்துக் கூட்டவே தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பாட வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியில் தான் நிற்கிற இடத்தைப் பார்த்து, சின்னத்தை வைத்துத் தட்டைக் கண்டுபிடித்து, தன் அட்டையைத் தானே எடுத்து வரும். முடிந்ததும் தானே கொண்டுபோய் வைக்கும். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களுக்குள் எத்தனையோ சண்டை நடந்தது. பதிவேடு எழுதியே கை ஓய்ந்தது என்று நானும் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறேன். ஆனால் சின்னம் போட்டு அடுக்கிய அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் வீட்டில் அதையேதான் செய்கிறேன்.

இதற்கு மூலம் எங்கே இருக்கிறது பாருங்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தார். அங்கேயும் ஆரம்பத்தில் சாமான்கள் பூட்டிய பீரோவில்தான் இருந்தன. ஆசிரியை திறந்து, எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கிப் பூட்டுவார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்து வைத்துக்கொண்டு வேலையில் இருக்கிறார்கள். திருட்டு என்று ஆசிரியை கோபப்பட்டார். மாண்டிசோரி அப்படிப் பார்க்கவில்லை. இன்னது வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது, எடுத்த இடமும் நினைவிருக்கிறது என்று கண்டுகொண்டார். அதன் பிறகுதான் உயரமான பீரோ போய், பிள்ளைகள் கைக்கு எட்டும் குட்டை அலமாரி வந்தது. இன்றைக்கு அவர் பெயரைப் போட்டே பிளாஸ்டிக் பெட்டிகளை உச்சியில் ஏற்றி வைக்கிறோம்.

வீடுகள் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் (பெயர் வேண்டாம்) பேத்தியைச் சேர்க்க விசாரிக்கப் போயிருந்தோம். வரவேற்பறையிலேயே கண்ணாடி பீரோ, உள்ளே வரிசை வரிசையாக அட்டைக் கட்டுகள், பீரோவில் பித்தளைப் பூட்டு. ‘பசங்க கையில கொடுத்தா கிழிச்சிருவாங்க மேடம்’ என்றார்கள். கிழிக்கட்டுமே, கிழிந்ததை ஒட்டப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. மகன் என் கையைப் பிடித்து அழுத்தினான். சரி என்று வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். கூடத்தில் பேரனின் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு தட்டு உள்ள ஒரு மர அலமாரி. கதவு கிடையாது. அதில் ஒரு நேரத்துக்கு நான்கு தொகுதி அட்டை, அவ்வளவுதான். இரண்டு பேத்திக்கு, இரண்டு பேரனுக்கு. மிச்சமெல்லாம் பரணில் இருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை, அவர்கள் எதைத் தொடவே இல்லை என்று பார்த்து அதை இறக்கிவிட்டு வேறொன்றை வைப்பேன். நாற்பது தொகுதியையும் கண்முன் வைத்தால் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டும், எதையும் செய்யாது. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு வைத்த இடத்தில் வைத்தது இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் வளர்த்தவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் செருப்பை அப்பா போட்டுக்கொண்டால் அழுகிற வயது அது. அந்தப் பிடிவாதத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றால் சாமான் கொஞ்சமாக இருக்க வேண்டும், இடம் மாறக் கூடாது.

ஒவ்வொரு தொகுதியையும் வைக்கிற தூக்குத் தட்டுகளை எங்கள் ஆசாரி பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து கொடுத்தார். பாதி ஏ4 தாள் அளவு, விளிம்பு ஒரு விரல் உயரம். முன்பக்க விளிம்பின் நடுவில் மட்டும் அரை வட்டமாக வெட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டு எடுக்க இடம் வேண்டும் இல்லையா? அந்த வெட்டு இல்லாவிட்டால் பிள்ளை நகத்தால் கிளறும், தட்டையே கவிழ்க்கும். கடைகளில் விற்கிற பெட்டிகள் எதிலும் இந்தச் சின்ன விஷயம் கிடையாது.

ஒவ்வொரு தட்டின் முன்பக்கத்திலும் ஒரு சின்னம். காய்கறிக்குக் கேரட், இலைக்கு இலை, பறவைக்கு இறகு. அந்தத் தொகுதியைச் சேர்ந்த எல்லா அட்டையின் முதுகிலும் அதே சின்னம், அதே நிறம். சோபாவுக்கு அடியில் ஒரு அட்டை கிடந்தால் பேரனே திருப்பிப் பார்த்துவிட்டு ‘றெக்கை’ என்று கொண்டுபோய் அந்தத் தட்டில் போடுகிறான். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, என்னைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. தட்டின் அடியில் எத்தனை அட்டையோ அத்தனை புள்ளி வைத்திருக்கிறேன். பேத்தி திரும்ப வைக்கும்போது புள்ளிக்கு ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பாள். ஒன்று குறைந்தால் அந்தத் தொகுதி பரணுக்குப் போய்விடும், தொலைந்தது கிடைத்த பிறகுதான் இறங்கும். இதில் நான் கொஞ்சம் கறார்.

மாண்டிசோரி அட்டை என்றால் பெரும்பாலும் மூன்று பாகம் என்பது உங்கள் கட்டுரையிலேயே இருந்தது. படமும் பெயரும் சேர்ந்த முழு அட்டை, படம் மட்டும் உள்ள அட்டை, பெயர்ச் சீட்டு. பிள்ளை படத்துக்குக் கீழே பெயரை வைத்துவிட்டு, முழு அட்டையோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து ‘தப்பு, தப்பு’ என்று சொல்ல ஆள் வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த முழு அட்டையே. அப்படியிருக்க மூன்றையும் ஒரே கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைக்கச் சொல்கிறீர்களே! பிள்ளை பிரிக்கிறதுக்குள் சலித்துப்போகும். தட்டுக்குள் இரண்டு தடுப்பு வைத்தால் போதும், மூன்றும் மூன்று பள்ளத்தில் நிற்கும். ரப்பர் பேண்ட் நாளாக ஆகக் காய்ந்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அது வேறு தொல்லை.

படிக்க ஆரம்பிக்காத பிள்ளைக்குப் பெயர்ச் சீட்டை எடுத்து வைத்துவிடலாம். பேரனுக்கு நான் கொடுப்பது சாமானும் படமும். ஒரு கேரட், ஒரு பீன்ஸ், ஒரு மேரக்காய் (சௌசௌ), அவற்றின் படம் மூன்று. ‘இது மேரக்காய்’ என்று முதலில் சொல்வது. அப்புறம் ‘மேரக்காய் எது, எடுத்துக் காட்டு’. அவன் தயங்காமல் எடுத்தால் மட்டும் ‘இது என்ன?’. இந்த மூன்று படியைத் தாண்ட மூன்று அட்டை போதும். அதனால் அவன் தட்டில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. மேரக்காயைச் சமையலுக்கு எடுத்தால் மட்டும் கலாட்டா.

எழுத்து அட்டைதான் அடுக்குகிறவர்களுக்குப் பெரிய தலைவலி. உங்கள் கட்டுரை இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வரிசையாகப் பிரிக்கச் சொல்கிறது. அது ஆங்கில எழுத்துக்கூட்டலின் சிக்கலுக்காக ஏற்பட்ட பிரிவு. மூன்றெழுத்துச் சின்னச் சொல் முதலில், மெய்கள் சேர்ந்து வருவது அப்புறம், உச்சரிப்பு முரண்டு பிடிப்பது கடைசியில் என்று போகும். தமிழ்ச் சொல்லை அந்த மூன்று நிறத்தில் கொண்டுபோய் எப்படி அடைப்பது? கடையில் தமிழுக்கென்று கேட்டால் 247 அட்டை கொண்ட ஒரு கனமான பெட்டியைத் தூக்கித் தருகிறார்கள். அதை எந்தப் பிள்ளை விரித்து, எந்தப் பிள்ளை திரும்ப அடுக்கும்?

நான் வைத்திருப்பது இப்படி. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 அட்டை ஒரு தட்டில். க, ங, ச என்று போகிற அகரமேறிய 18 இன்னொன்றில், ஏனென்றால் பிள்ளை முதலில் எழுத்துக் கூட்டுவது ‘மரம்’, ‘படம்’, ‘பட்டம்’ மாதிரி வார்த்தைகளைத்தான். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு எல்லாம் தனித்தனிச் சின்ன அட்டை. பக்கத்தில் நகர்த்தி வைத்தால் ‘மா’ வந்துவிடும், ‘மே’ வந்துவிடும். ஒகர ஓகாரத்துக்கு இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்று தெரிந்த அன்று பேத்தி வீடு முழுக்க ‘கோ கோ’ என்று கத்திக்கொண்டு திரிந்தாள். இகர ஈகாரத்தின் மேல்விலங்கு எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அதை மட்டும் ஒளிபுகும் தாளில் வரைந்து எழுத்தின் மேல் வைக்கிறோம். உகர ஊகார வரிசைதான் எதற்கும் மசியாது. கு, சு, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அந்த 36 அட்டையும் தனிப் பெட்டியில் பரணில் இருக்கிறது, நேரம் வரும்போது நாலு நாலாக இறங்கும். பெயர்ச் சீட்டுகளையும் இந்த வரிசையிலேயே உறை போட்டு வைத்திருக்கிறேன். குறி எதுவும் இல்லாத சொற்கள் ஒரு உறை, துணைக்கால் வரும் சொற்கள் ஒரு உறை, அப்படியே மேலே போகும். பறவை, விலங்கு என்று பொருளை வைத்து மட்டும் பிரித்தால், ‘மயில்’ படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் அதே தட்டில் ‘மீன்கொத்தி’யும் வந்து நிற்கும்.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, பிள்ளை விரலால் தடவிப் பார்க்கிற எழுத்து அட்டைகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் ஒன்றின் சொரசொரப்பு அடுத்ததன் முதுகைச் சுரண்டிவிடும். நிற்க வைக்க வேண்டும், நடுவில் ஒரு தாள் இருந்தால் நல்லது.

இனி ஈரம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் கணக்கு. மழை நின்றாலும் மேகம் விடாது. துணி ஒரு வாரம் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். அந்த மாதங்களில் சாதாரணச் சார்ட் அட்டை முதலில் வளையும், அப்புறம் ஓரத்தில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை ஏறும். இங்க்ஜெட்டில் எடுத்த படமாக இருந்தால் ஈரக் கை பட்டதும் சாயம் கலையும். படம் எடுக்க ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

லேமினேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் காசு கொடுத்து ஏமாறுவது இங்கேதான். ஒரு பெரிய தாளில் ஆறு படம் அச்சடித்து, தாளை அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு எந்திரத்தில் ஓட்டி, பிறகு கோட்டின் மேல் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெட்டிய விளிம்பில் தாள் திறந்தே இருக்கிறது. மேகம் அதன் வழியாக உள்ளே போகும். ஒரு மழைக்காலம் போனதும் பாருங்கள், நான்கு ஓரத்திலும் மங்கலாக ஒரு கரை, அதற்குள் கறுப்புப் புள்ளி. பிளாஸ்டிக்குக்குள் இருப்பதால் துடைக்கவும் முடியாது, காய வைக்கவும் முடியாது. முதலில் படங்களைத் தனித்தனியாக வெட்டிக்கொண்டு, உறைக்குள் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் இடைவெளி விட்டு அடுக்கி, அப்புறம் எந்திரத்தில் விட வேண்டும். வெட்டும்போது தாளைச் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் இருக்கும்படி வெட்டினால் அட்டை முழுசாக மூடியிருக்கும். எங்கள் கடைக்காரத் தம்பி இதற்கு முகம் சுளித்தான். வேலை அதிகம்தான், கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டேன். உறை 125 மைக்ரான் கனத்தில் வாங்குங்கள், மெல்லியது மடங்கிவிடும். கூர்மையான நான்கு முனையையும் மழுக்குவது அவசியம். ஒரு ரூபாய் நாணயத்தை முனையில் வைத்துப் பேனாவால் வளைவு போட்டு அதன்படி கத்தரித்தால் எல்லா அட்டையும் ஒரே மாதிரி வரும், சின்னவன் கண்ணில் குத்திக்கொள்ள மாட்டான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. லேமினேட் செய்த அட்டை கிழியாது, ஆகவே பிள்ளை மெதுவாகக் கையாளவும் பழகாது. உடைகிற பீங்கானையும் கண்ணாடியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்கச் சொன்னவர் மாண்டிசோரி. மதுரையிலோ ஈரோட்டிலோ இருந்தால் வெறும் கெட்டி அட்டையே போதும் என்பேன். அப்புறம், இந்த மலையில் பிளாஸ்டிக் தடை எத்தனையோ வருடமாக இருக்கிறது. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வெளியூர் வண்டியிலிருந்து பையையும் பாட்டிலையும் பறிக்கிறோம். தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிப்போன லேமினேஷன் குப்பையை மறுசுழற்சிக்கும் யாரும் எடுப்பதில்லை. எனவே அடிக்கடி கையில் புழங்கும் தொகுதிக்கு மட்டும் லேமினேஷன், அதுவும் ஒருமுறை செய்தால் இரண்டு பிள்ளைக்கும், அதற்குப் பின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதிலும் மலையூருக்குத் தனி நியாயம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். அந்தச் சுவர்தான் வீட்டிலேயே சில்லிட்டது, முதலில் வியர்ப்பதும் அதுதான். உள்சுவரில், அதுவும் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் பின்னால் காற்று ஓடும். எவர்சில்வர் டப்பா பாதுகாப்பு என்று நினைப்பார்கள். சமையல் ஆவி பரவுகிற குளிர்ந்த வீட்டில் டப்பாவின் உள்பக்கமே துளி கட்டும். காற்றுப் புகாத பெட்டி நல்லதுதான், ஆனால் எந்த நாளில் மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்த கதை. தை, மாசியில் பனி விழுந்து பகலெல்லாம் சுள்ளென்று வெயில் அடிக்குமே, அப்போது பரண் தொகுதிகளை எல்லாம் இறக்கி, வெயில் நேராகப் படாத திண்ணையில் விரித்து, காய்ந்த காற்று பட்டதும் பெட்டியில் போட்டு மூட வேண்டும். நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். அலமாரியில் புழங்குகிற நான்கு தொகுதிக்கு மூடியே வேண்டாம், தினமும் கை படுவதே அதற்குப் போதும்.

பூச்சிக்கு வருகிறேன். ராமபாணப் பூச்சிக்குப் பசையும் மாவும் என்றால் உயிர். வீட்டில் மைதா பசை காய்ச்சி ஒட்டிய அட்டைகளைத்தான் முதலில் தேடி வரும். அதற்கென்று அந்துருண்டையைப் போட்டுவிடாதீர்கள். மிட்டாய் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகிவிடும். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. நான் பரண் பெட்டிகளில் மட்டும் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுகிறேன். ஓலைச்சுவடிக்குப் போட்டது அட்டைக்கு ஆகாதா? வேப்பிலை இந்தக் குளிரில் வளராது, மேட்டுப்பாளையத்தில் இருக்கிற தங்கை நிழலில் உலர்த்தி அனுப்புவாள்.

கடைசியாக, அட்டையில் என்ன படம் இருக்கிறது என்பது. கடைத் தொகுதியைப் பிரித்தால் பென்குயின், வரிக்குதிரை, பனிவீடு. எங்கள் தோட்டத்து வேலியோரம் காட்டெருமை வந்து நிற்கிறது, லாங்வுட் சோலையில் கருமந்தி உறுமுவது காலையில் கேட்கிறது, பேத்தி தவிட்டுப்பழம் தின்று நாக்கைக் காட்டுகிறாள். இதில் எதற்கும் அட்டை கிடையாது. மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தவர். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். 1942 முதல் 1944 வரை மகன் மரியோவோடு கொடைக்கானலில் இருந்தார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு, அந்த மலையில் கிடைத்த செடியையும் பூச்சியையும் வைத்துத்தான் வேலை செய்தார். பழனி மலைத்தொடரில் அவர் செய்ததை நீலகிரியில் இருந்துகொண்டு நாம் செய்யக் கூடாதா?

இலை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இலை வடிவத்தை முழுக்க நிறம் தீட்டியது, தடித்த கோடு, மெல்லிய கோடு என்று மூன்று விதமாக வரைந்து, உண்மையான இலையை அதன் மேல் வைத்துப் பார்ப்பது. தேயிலையின் ரம்பப் பல் ஓரம், சில்வர் ஓக்கின் கிழிந்த மாதிரி இலை, எல்லாம் வாசலிலேயே கிடைக்கிறது. கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) இளங்கன்றின் இலை வெளிர்நீலமாக உருண்டையாக இருக்கும், வளர்ந்த மரத்தின் இலை அரிவாள் மாதிரி நீளும். பேத்தி ஒன்றை உருண்டைத் தட்டிலும் மற்றதை நீளத் தட்டிலும் வைத்துவிட்டு, இரண்டையும் கசக்கி முகர்ந்து பார்த்து, ஒரே வாசனை என்று குழம்பி உட்கார்ந்தாள். எந்தத் தட்டில் வைப்பது என்று என்னைக் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். இப்போது ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயும் இருக்கிறது.

நேரில் பார்த்த பிறகுதான் படம் என்பது என் கட்சி. குறிஞ்சிக்கு மட்டும் விலக்கு. 2018இல் மலை நீலமாகப் பூத்தபோது பேத்தி பிறக்கவே இல்லை, 12 வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. அதுவரை அட்டைதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் இணைப்பில் வாரம் ஒரு பறவை, ஒரு விலங்கு படம் வருகிறது. நன்றாகவே அச்சிடுகிறீர்கள். ஆனால் வரையாட்டை வெட்டினால் பின்பக்கத்தில் மரகதப்புறாவின் தலை போய்விடுகிறது, எதை வைத்துக்கொள்வது என்று வீட்டில் இரண்டு பிள்ளைக்கும் சண்டை. படங்களை ஒரே பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை போட்டால் இன்னும் உபகாரம், ஒன்று பெயரோடு, ஒன்று பெயர் இல்லாமல். அந்தப் பெயரைத் தனியாகவும் ஒருமுறை, பெரிய எழுத்தில், சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டுப் போட்டுவிட்டால் எங்களுக்கு மூன்று பாகமும் கிடைத்துவிடும், கத்தரிக்கோல் மட்டும் போதும். பின்பக்கம் முழுவதும் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.